அரச மரத்தை மூன்று சுற்று

ரங்கூனில் பெண்களுக்காக நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தில் நான் நான்காவதாக வந்தேன். மொத்தம் ஒன்பது பேர் ஓட்டினோம். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "பரவாயில்லையே" என்கிறார்கள். அந்தப் "பரவாயில்லையே"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி வழிவரை நான்தான் முதல். எனக்குப் பின்னால் வந்தவளின் மணிச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. அப்படியிருந்தும் நான்காவதாகப் போனதற்குக் காரணம் ஒரு மரம், ஒரு பிள்ளையார், அப்புறம் என்னைப் பெற்றவள். மரத்தையும் பிள்ளையாரையும் நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நகரத்தின் நடுவே, கியாக்டடா பேட்டையில் ஒரு சந்துக்குள், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு அறைகளில் ஏழு பேர் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. வீட்டில் எந்த வழக்கு வந்தாலும், "அம்மா சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ரங்கூனிலேயே அவரைப் போல் சுத்தமான மனிதர் கிடையாது.

நான் தின்கன்ஜூனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊருக்குக் கிழக்கே அது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்களின் பெண்கள். காலை ரயிலில் போனால் பள்ளி மணி அடித்து அரை மணி கழித்துத்தான் போய்ச் சேர முடியும். அதற்கு முந்தைய ரயிலில் போனால் பள்ளிக்கூடத்தை நானே திறந்து பெருக்க வேண்டியிருக்கும். இந்த அவஸ்தையைப் பார்த்துவிட்டு எங்கள் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, கப்பலேறி ஊருக்குப் போகும்போது, தன் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பெண்கள் ஓட்டும் வண்டி. நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. பள்ளிக்கூட மைதானத்தில் மூன்றாம் வகுப்பு மொத்தமும் என்னைப் பின்னாலிருந்து தள்ள, பத்து நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பத்து நாளும் அந்த வகுப்பு வாய்ப்பாடு படிக்கவில்லை. அதற்காக இப்போது வருத்தப்பட்டு என்ன செய்வது?

அம்மாவுக்கு வண்டியைக் கண்டாலே ஆகாது. அதை மூன்று மாடி ஏற்றிக் கூடத்தில் நிறுத்தினால், அதன் மேல் ஈரத் துணி காயப்போடுவாள். ஒரு நாள் காலை அவசரத்தில் அப்பாவின் பனியனோடு தின்கன்ஜூன் வரைக்கும் போயிருக்கிறேன். "பொம்பளப் புள்ள காலை இப்படி மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டுப் போறதை ஊரே பாக்குது" என்பாள். "ஊர் பாக்குறதுக்குள்ள நான் போயிடுவேன்மா" என்பேன். அப்பா குளிக்கப் போய்விடுவார்.

ஆனால் அம்மாவின் உண்மையான குறை வேறு. அவளுக்கு ஒரு தையல் மிஷின் வேண்டும். எங்கள் சந்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் ரவிக்கையும் பாவாடையும் கைத்தையலிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சல்லடையாகக் கிடக்கும். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடும்போது மட்டும் அவள் குரலில் அதட்டல் இருக்காது. அவள் மிஷின் கேட்டது ஒன்றும் அநியாயம் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததனால்தான் சண்டையில் என் பக்கம் பலவீனமாகவே இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். குட்டையான மனிதர். ஆண்கள் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் வேட்டி அவரோடு வராது. அதனால் குறுக்குக் கம்பி இல்லாத என் வண்டி மேல் அவருக்குக் கண். அவர் வீட்டில் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று சும்மா கிடந்தது. மிஷினைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வதாக அம்மாவோடு பேசி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வண்டியின் மணியை ஒரு தடவை அடித்துப் பார்ப்பார், சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார், தலையாட்டிக்கொண்டே போவார். நோயாளியைக்கூட அவர் அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துச் சைக்கிள் சங்கம் ஒன்று பெண்களுக்கு ஒரு பந்தயம் வைப்பதாக அறிவித்தது. முதல் பரிசு, புத்தம் புதுத் தையல் மிஷின். பெண்கள் சைக்கிள் ஓட்டி ஜெயித்தால் அப்புறம் வீட்டில் உட்கார்ந்து தைக்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் அந்த அறிவிப்பு அச்சான துண்டுக் காகிதத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் மிஷின் படத்தைப் படிக்கத் தெரியும்.

வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எப்படிப் பாத்தாலும் இந்த வீட்டுக்கு மிஷின் வந்தாகணும். நீ ஜெயிச்சுக் கொண்டாந்தா வண்டி உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா அன்னைக்கே வண்டி கம்பவுண்டருக்கு."

"வண்டி போனா நான் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவேன்?"

"போகாத. இருபத்தொரு வயசாச்சு. இன்னும் மூணாங் கிளாஸ்லயே இருக்கே."

இதற்குப் பதிலாக ரயில் நேரங்களை வரிசையாக ஒப்பித்தேன். என்னிடம் இருந்த ஒரே வாதம் அதுதான். கூட்டமும் டிராம் வண்டிகளும் பின்னால் போன பிறகு, ஊரைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் மரமாக வரும் அந்தச் சாலையில் காலைக் காற்று முகத்தில் அடிக்கும்போது நான் வாய்விட்டுப் பாடுவேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. ஏழு பேர் வீட்டில் நான் தனியாக உட்கார முடிந்த ஒரே இடம் அந்தச் சைக்கிள் சீட்டு. இதையெல்லாம் ஒரு வாதமாக எப்படி எடுத்துச் சொல்வது?

பந்தயம் ஊரோரத்து ஏரிக்கரையில் தொடங்கும்; தின்கன்ஜூன் போய், அங்கே ஒரு அரச மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கே திரும்ப வேண்டும். என் பள்ளிக்கூட வழி! எந்த இடத்தில் பள்ளம், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்த நாய் சும்மா குரைக்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. படுத்தால் மிஷினோடு மாடியேறுவதாகவே கனவு வந்தது.

பந்தயத்தன்று விடியற்காலை அம்மாவே எனக்குப் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட்டாள். எங்கேயும் அவிழக் கூடாது என்று பதினோரு ஊக்கு குத்தினாள். தையல்காரியின் கை; மூச்சு விட்டால்கூடப் புடவை அசையாது. மூச்சு விடுவதும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீ வரலியாம்மா?" என்று கேட்டேன். "அந்தக் கண்றாவியை வேற நான் பாக்கணுமா? நான் கோயிலுக்குப் போறேன்" என்றாள்.

ஏரிக்கரையில் போய்ப் பார்த்தால் எல்லாரும் என்னைவிட உயரம். டெலிபோனில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய அக்கா தங்கை இரண்டு பேர். காலேஜில் படிக்கும் பர்மியப் பெண்கள் மூன்று பேர், இடுப்பில் ஒரே நிறத்தில் தமேன் என்ற லுங்கியும் கன்னத்தில் தனகா என்ற சந்தனம் போன்ற பூச்சுமாக. தேக்கு மரக் கம்பெனி துரையின் மனைவி ஒருத்தி. எனக்குப் பக்கத்தில் பர்மிய நர்ஸ் ஒருத்தி நின்றாள். ஆஸ்பத்திரிக்கு வரும் நம் ஆட்களிடம் பேசிப் பேசி நன்றாகத் தமிழ் பேசுவாள். பர்மியர்கள் அக்காவை "அமா" என்பார்கள். நானும் அவளை அமா என்றேன். அவள் என்னைத் தங்கச்சி என்றாள். கடைசியில், சீன மளிகைக்கடைக்காரர் மகள் ஒருத்தி. கடைக்குச் சாமான் ஏற்றும் ஆண்கள் சைக்கிளை அப்படியே கொண்டுவந்திருந்தாள். பின்னால் கூடைகூட இருந்தது. அவளைப் பார்த்து நாங்கள் எல்லாரும் பரிதாபப்பட்டோம். ஆனால் எங்கள் ஒன்பது பேரில் கால்சட்டை போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அதை யாரும் யோசிக்கவில்லை.

கம்பவுண்டரும் வந்திருந்தார். என்னை உற்சாகப்படுத்துவதற்கு இல்லை. "பள்ளத்துல எறக்காதம்மா! பிரேக்கை அமுக்கிப் பிடிக்காத, தேஞ்சுபோயிரும்!" என்று தன் வருங்காலச் சொத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார்.

கொடி அசைந்தது. கிளம்பினோம். முதல் மைலிலேயே துரையின் மனைவி தொப்பியைப் பிடிக்கப் போய்ப் பின்தங்கினாள். காலேஜ் பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். டெலிபோன் சகோதரிகள் கொஞ்ச தூரம் என்னை விரட்டினார்கள். அப்போது அந்த உண்மையாகவே துரத்தும் நாய் வந்தது. எனக்கு அது எங்கே வரும் என்று தெரியும், காலைத் தூக்கிக்கொண்டேன். அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் சாலை மட்டும்தான் இருந்தது. அன்றும் பாடினேன் என்று நினைக்கிறேன்.

தின்கன்ஜூன் அரச மரம் பெரிய மரம். தண்டவாளம் போட வந்த நம் ஆட்கள் அதன் அடியில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள். பர்மியர்களுக்கு அது போதி மரம். அந்தப் பக்கத்து வேரில் அவர்கள் பூவும் தண்ணீர்ப் பானையும் வைப்பார்கள். சங்கத்தார் அங்கே மேற்பார்வைக்கு ஒரு ரயில்வே கார்டை நிறுத்தியிருந்தார்கள். தொந்தியும் தொப்பியுமாக, வாயில் விசில், ஒரு கையில் பச்சைக் கொடி, மறு கையில் சிவப்புக் கொடி. அவர் பக்கத்தில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் தேங்காய் மூடியோடு, என் அம்மா.

கோயிலுக்குப் போகிறேன் என்றவள் பொய் சொல்லவில்லை. இத்தனை கோயில் இருக்கிற ஊரில் இந்தப் பிள்ளையாரைத் தேடி விடியற்காலையில் குதிரை வண்டி பிடித்து வந்திருக்கிறாள்.  அவளைப் பார்த்துக்கொண்டே மரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பப் போனேன்.

"ஏய்! எங்கடி ஓடறே?" என்று ஒரு சத்தம். "சாமிய ஒத்தச் சுத்தா சுத்திட்டுப் போவாங்க? மூணு சுத்து! மூணு!"

மூன்று விரலைத் தூக்கி ஆட்டினாள். நான் படித்தவள், பள்ளிக்கூட டீச்சர், சட்டம் தெரிந்தவள். ஆனால் அந்தக் குரலுக்கு இருபத்தொரு வருஷமாக என் கைகால்கள் பழகியிருந்தன. வண்டி தானாக வளைந்து இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டது.

அதற்குள் நர்ஸ் வந்து சேர்ந்தாள். மேற்பார்வையாளர் பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி அதிகாரமாக மூன்று விரலைக் காட்டுகிறாள், முன்னால் போனவள் திரும்பவும் சுற்றுகிறாள். வேறு என்ன நினைப்பாள்? அவளும் சுற்றினாள். டெலிபோன் சகோதரிகள் வந்தார்கள், சுற்றினார்கள். காலேஜ் பெண்களுக்குப் போதி மரத்தைச் சுற்றுவதில் ஆட்சேபமே இல்லை, கும்பிட்டுக்கொண்டே சுற்றினார்கள். துரையின் மனைவி தொப்பியில்லாமல் வந்து, எல்லாரும் செய்வதைப் பார்த்து, நன்றாகவே சுற்றினாள். கார்டு விசிலை ஊது ஊதென்று ஊதினார். அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நாங்கள் வேகத்தைக் கூட்டினோம். சிவப்புக் கொடியை ஆட்டினார். ரயில் என்றால் நின்றிருக்கும். இதற்குள் யார் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரியவில்லை. டெலிபோன் அக்கா மட்டும் சந்தேகத்துக்கு நான்காவதாகவும் ஒன்று சுற்றினாள்.

அப்போது கூடை கடகடக்க, சீனக் கடைக்காரர் மகள் கடைசியாக வந்தாள். எட்டுப் பெண்கள் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஏதோ பூஜை போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மரியாதையாக மணி அடித்து, எங்களுக்கு வெளியே ஒதுங்கி ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் அவளுக்கு வழிகூட விட்டோம்.

திரும்பும் வழியில் நர்ஸ் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்தாள். "தங்கச்சி, அந்தப் பெரிய அம்மா யாரு? கமிட்டியா?"

"எங்க அம்மா, அமா."

"அமலே!" என்று பர்மியர்கள் ஆச்சரியத்தில் கத்துவதுபோல் கத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் சாலையின் இரண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு ஓட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் அந்தக் கூடை போய்க்கொண்டிருந்தது. எழுந்து நின்று மிதித்தேன். மரத்தைச் சுற்றியதில் பதினோரு ஊக்கில் ஒன்று திறந்துகொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் ஒரு குத்துக் குத்தியது. அதையும் பொறுத்துக்கொண்டு மிதித்தேன். கூடை கிட்டத்தில் வரவே இல்லை. அது போக, தலை சுற்றல் நின்ற டெலிபோன் தங்கையும் சிரித்து முடித்த நர்ஸும் கடைசி வளைவில் என்னைத் தாண்டிவிட்டார்கள்.

நான் இறங்குவதற்குள் கம்பவுண்டர் குனிந்து சக்கரக் கம்பிகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "நல்லவேள, ஒண்ணும் ஆகல" என்றார். எனக்கு அவர் தலையில் மணியை அடிக்க வேண்டும் போல இருந்தது. நாளைக் காலையில் இந்த வண்டியில் இவர் மாத்திரைப் புட்டிகளோடு போவார், மூன்றாம் வகுப்புக்கு வேறு யாராவது ஒருத்தி வருவாள் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முன்சீட்டில் கார்டு. அவர் பக்கத்தில், குடையும் தேங்காய் மூடியுமாக, என் அம்மா. பந்தயத்தைக் கெடுத்த ஆளைக் கையோடு பிடித்து வந்திருந்தார். அம்மாவோ வாழ்க்கையில் முதல் தடவை மோட்டார் ஏறிய பெருமையில் ஊர்வலம் வந்தவள்போல் இறங்கினாள். சங்கத்தின் தலைவர், மீசைக்கார துரை, விசாரணை தொடங்கினார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்" என்றேன்.

"சாமிய ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு ஓடிப்போறது எந்த வீட்டு மரியாதைன்னு அவரைக் கேளு" என்றாள் அம்மா.

"மிகவும் வருந்துவதாகச் சொல்கிறார்" என்று நான் துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

கமிட்டியில் தமிழ் வக்கீல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். பிறகு நேராக அம்மாவையே கேட்டார்: "பிள்ளையாருக்கு ஒரு சுத்து போதுமேம்மா?"

"பிள்ளையாருக்கு ஒண்ணு. அரச மரத்துக்கு ஒண்ணு. அவங்க அங்க பூ வச்சுக் கும்பிடுறாங்களே, அந்த புத்தருக்கு ஒண்ணு. நீங்களே கூட்டிப் பாருங்க."

வக்கீல் கூட்டிப் பார்த்தார் போல. கைக்குட்டையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். விதிப்படி ஒரு சுற்றுச் சுற்றியவள் ஒருத்திதான் என்பதால் முடிவில் மாற்றம் இல்லை என்று துரை அறிவித்தார். கடைக்காரர் மகள் மிஷினைக் கூடையில் வைத்துப் பார்த்தாள், கொள்ளவில்லை. தலையில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா அந்த மிஷின் ஏரிக்கரை திரும்பி மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். நடந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வழக்கமாகக் குழம்பில் உப்புக் கூடினால் உப்பு விற்றவனைத் திட்டுகிற ஆள் அவள்.

கம்பவுண்டர் கைப்பிடியைப் பிடித்தார். "அப்ப நான் வண்டிய எடுத்துக்கறேன். மிஷினைச் சாயங்காலம் அனுப்பிடறேன்."

நான் விலகி நின்றேன். பேச்சு என்றால் பேச்சுதானே?

"கைய எடுங்க" என்றாள் அம்மா. "அவ நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்."

"பேசினது…"

"நான் கத்தலன்னா அவதான் ஜெயிச்சிருப்பா. கைய எடுங்க."

அவர் எடுத்தார். எடுக்கும் முன் ஒரு தடவை மணியை அடித்துப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. குடையை என் கையில் திணித்து, வண்டியின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, "இதுல ஆள் உக்காரலாமா?" என்று கேட்டாள். ஊரே பார்க்க, புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் இதுவரை யாரையும் ஏற்றிப் போனதில்லை என்பதைச் சொல்லவில்லை. வண்டி இரண்டு தடவை கோணியது. அவள் என் இடுப்பை இறுகப் பிடித்தாள். அந்தத் திறந்த ஊக்கு இன்னொரு முறை குத்தியது.

ஏரிக்கரையைத் தாண்டினோம். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "மரத்தடிக்கு வரும்போது பாடிக்கிட்டே வந்தியேடி. தெனமும் பாடுவியா?"

"ம்."

"இந்த வண்டி உனக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்கும்மா."

"ரயில் நேரத்தையே சொல்லிக்கிட்டிருந்தே" என்றாள். அப்புறம், மெதுவாக, "நானும் கேக்கல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டுகிறவள் அழுதால் வழி தெரியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முன்னால் டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது. நான் இறங்கி, அம்மாவை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்ச தூரம் வண்டியை நடத்திக்கொண்டே போனேன். அவள் அந்தப் பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள்.